தீண்டல் என்னும் தீஞ்சொல்

தீண்டாமை ஒழிக என்று மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். ஆனால், அந்தச் சொல்லுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும் 'தீண்டல்' யாது என எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணினால் வியப்பே மிஞ்சும். அது அன்பின் சொல்!

வள்ளுவரைக் கேளுங்கள், தோழர்களே! பெற்ற குழந்தை மேனியிற் படுவது உடலுக்கு இன்பம் என்று 65ஆம் குறளிற் சொல்ல வந்தவர் தேர்ந்த சொல் தீண்டல். காதலி தொடத்தொட உயிர் தளிர்க்கிறது என்று காதலன் பேசும் 1106ஆம் குறளிலும் அதே தீண்டல். வேறு சொல் கிட்டாமலா? அடுத்த இரு குறள்களிலேயே 'முயக்கு' என்கிறாரே! தழுவுவது முயக்கு, உயிரைத் துளிர்க்க வைப்பது தீண்டல். சொல்லை நிறுத்து வைத்தவர் அவர்.

'பாம்பு தீண்டியது என்கிறோமே' என்று பண்டிதர் குறுக்கிடக்கூடும். உண்மைதான், மறைக்கவில்லை. மேனியிற் பட்டது உள்ளே பரவுவதையே இச்சொல் குறித்தது என்பது நம் கருத்து. மழலை பட்டால் மகிழ்ச்சி பரவும், நாகம் பட்டால் நஞ்சு பரவும். பிறந்த குலம் இதில் எங்கே வந்தது?

பெரியபுராணத்தில் நமக்கு உடன்பாடற்றவை பல. எனினும் திருநீலகண்டக் குயவரின் மனைவியை மறக்க இயலவில்லை. பரத்தையிடம் சென்று மீண்ட கணவனை, ஆணையிட்டுத் தன்னைத் தீண்டவிடாமல் நிறுத்தினாள் அவள். 12ஆம் நூற்றாண்டு நூலில், தன் உடல் தன்னுடையது என்று ஒரு குயத்தி! தீண்டாமைக்கு நேரிய பொருள் ஒன்று உண்டெனில், அது இதுவே.

அந்தச் சொல்லைச் சாதி என்ன செய்தது? தீண்டு என்பதிலிருந்தே தீட்டுப் பிறந்ததெனக் காட்டுகிறது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. மலையாள நாட்டிலோ தொடாமலே தீண்டலாம்! இன்ன சாதியான் இத்தனை அடி எட்டி நிற்கவேண்டும். ஓரடி நெருங்கினால் தீண்டிவிட்டான். கைபட்டால் அது வேறு கணக்கு. 'தீண்டலும் தொடீலும்' என்று இரண்டையும் தனித்தனியே எண்ணியது அம்மொழி. 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறை புகுந்தது கோயிலுக்குள் நுழைவதற்கன்று, கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதர் நடப்பதற்கு. தொலைவிலிருந்தே தீண்டல் என்ற கணக்கு இல்லையேல், தெருவுக்குத் தடை ஏது?

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. இரண்டும் அச்சொல்லுக்குப் பொருள் வரையவில்லை. வரைந்து காட்டித்தான் இந்த நாட்டுக்குத் தெரியவேண்டுமா, என்ன?

தீண்டாமை பெருங்குற்றம் என்று தமிழ்நாட்டுப் பாடநூலின் முன்பக்கத்திலே அச்சிட்டார்கள், நல்லதே. அதே நூலில் 65ஆம் குறள் பாடமாக வந்தால், 'தீண்டல் என்றால் தொடுதல்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிப் போகிறது பிள்ளை. முன்பக்கத்துச் சொல்லும் குறளின் சொல்லும் ஒன்றே என்று அதற்குச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர்?