ஹோகனின் ஐந்து பாடங்கள்: ஒரு ஸ்லைஸ்காரன் பக்கத்திலிருந்து

குஜிலியம்பாறையில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் பற்றி எழுதுகிறேன் என்றால் உள்ளூர் ஆட்கள் சிரிப்பார்கள். எங்க பக்கம் நிலக்கடலை, சோளம், ஆடு, மயில். புல்லுக்குத் தண்ணி ஊத்தி வளர்ப்பதை இங்கே ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் இதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் இருக்கிறது. தூண் பாறை பார்க்கப் போகிற வழியில் வேனிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்தப் பச்சை மேடு தெரியும். நம்மில் பெரும்பாலானோருக்குக் கோல்ஃபோடு உள்ள உறவு அந்த வேன் ஜன்னல் அளவுதான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. சித்தப்பா பையன் ஒருத்தன் வெளியூரில் ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஊழியர்களும் இரண்டு கூடை பந்து அடித்துக்கொள்ளலாம். அடித்து அடித்து அவனுக்கு ஆசை பிடித்துவிட்டது. பயிற்சியாளர் ஆகவேண்டும் என்கிறான். சிக்கல் என்னவென்றால் அவன் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பி, பாதி தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்து ஓரத்து வலையில் போய் விழும். கோல்ஃபில் இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். ஒரு வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, எல்லாரும் ஹோகன் புத்தகம் ஹோகன் புத்தகம்னு சொல்றாங்க. இங்கிலீஷ்ல இருக்கு. நீங்க படிச்சுட்டு எனக்குச் சொல்லுங்க" என்றான். படித்தேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

புத்தகம் பென் ஹோகன் எழுதிய 'ஐந்து பாடங்கள்: நவீன கோல்ஃபின் அடிப்படைகள்'. 1957-இல் முதலில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் தொடராக வந்து, அதே ஆண்டு புத்தகமானது. கூட எழுதியவர் ஹெர்பர்ட் வாரன் விண்ட், படங்கள் ஆண்டனி ரவியெல்லி. மட்டையைப் பிடிப்பது, நிற்பது, வீச்சின் முதல் பாதி, இரண்டாம் பாதி, கடைசியில் ஒரு தொகுப்பு என்று ஐந்து பாடங்கள். ரவியெல்லியின் படங்களுக்காகவே புத்தகத்தைப் பார்க்கலாம். தசை எங்கே இறுகுகிறது, முழங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் மொழி தெரியாதவனுக்கும் புரியும். தம்பிக்கு முதலில் படங்களைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஹோகன் சாதாரண ஆள் இல்லை. சின்ன வயசில் டெக்ஸாஸில் பிறர் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாக இருந்தவர். 1949 பிப்ரவரியில் அவர் காரின் மீது பேருந்து மோதியது. திரும்ப நடப்பாரா என்றே சந்தேகப்பட்ட நிலையில், 1950-இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். 1953-இல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றையும் ஒரே ஆண்டில் எடுத்தார். இப்படிப்பட்டவர், சராசரி ஆட்டக்காரனும் முறையாகக் கற்றால் 80-க்குக் கீழே ஆடிவிட முடியும் என்று புத்தகத்தில் உறுதி தருகிறார். படிக்கிறவனுக்கு அந்த உறுதி போதை மாதிரி.

என் முதல் புகார், இந்தப் புத்தகத்தில் உடம்பு இருக்கிறது, பந்து இல்லை. பந்து ஏன் வளைகிறது, எந்தத் தப்புக்கு எந்த வளைவு என்பதற்குத் தனியாக ஒரு பாடம் கிடையாது. இதைச் சரியாகச் செய், பந்து தானாகச் சரியாகப் போகும் என்பதுதான் புத்தகத்தின் நம்பிக்கை. ஆனால் பந்து அடிக்கும் இடத்தில் தனியாக நிற்பவன் தன் உடம்பைப் பார்க்க முடியாது. அவன் கண்ணுக்குத் தெரியும் ஒரே சாட்சி பந்துதான். அந்தச் சாட்சியை விசாரிக்கும் முறையைச் சொல்லித் தராவிட்டால், அவன் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்வான்?

அதற்கு வேறு புத்தகங்கள் இருக்கின்றன என்பீர்கள். அங்கேதான் பெரிய வேடிக்கை. பல பத்தாண்டுகளாகப் பயிற்சிப் புத்தகங்களிலும் வகுப்புகளிலும் ஒரு விதி சொல்லித் தரப்பட்டது: மட்டை எந்தத் திசையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும், மட்டையின் முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே போய் வளையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்தான். நீளமான டிரைவர் மட்டையில் சுமார் 85 சதவீதம் முகம், 15 சதவீதம் வீச்சுத் தடம். அயர்ன் மட்டைகளில் சுமார் 75-க்கு 25. முகமும் தடமும் வேறு வேறு பக்கம் பார்க்கும்போது பந்தின் சுழல் அச்சு சாய்கிறது. பந்து அந்தச் சாய்ந்த பக்கம் வளைகிறது. காற்றாடி சாய்ந்த பக்கம் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி.

இது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. சுழலும் கோல்ஃப் பந்தைக் காற்று என்ன செய்கிறது என்று ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டேட் 1890-களிலேயே எழுதினார். அடியில் விழும் பின்சுழற்சிதான் பந்தை மேலே தாங்கிப் பிடிக்கிறது என்று விளக்கினார். (அவர் மகன் ஃப்ரெடி டேட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர்.) கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் மைதானம் போட்ட அதே பத்தாண்டு. பிறகு 1968-இல் பிரிட்டனில் காக்ரனும் ஸ்டாப்ஸும் சேர்ந்து 'சரியான வீச்சைத் தேடி' என்று ஒரு ஆராய்ச்சி நூலே கொண்டுவந்தார்கள். 1994-இல் தியடோர் ஜோர்கன்சன் கோல்ஃபின் இயற்பியல் பற்றித் தனி நூல் எழுதி, முகமும் தடமும் சேர்ந்து பந்தை எப்படித் திருப்புகின்றன என்று கணக்கோடு காட்டினார். ஆனாலும் பந்தை ரேடாரால் பின்தொடரும் கருவிகள் பயிற்சி மைதானங்களுக்குள் வந்த பிறகுதான் பழைய விதி மெதுவாக வெளியேறியது. அந்தக் கருவிகளில் பேர்போன டென்மார்க்கின் ட்ராக்மேன் நிறுவனமே 2003-இல்தான் தொடங்கியது.

இவ்வளவு நாள் ஒரு தப்பான விதி எப்படித் தாக்குப்பிடித்தது? என் ஊகம் இது. நம் கைகளுக்கு முதலில் பழக்கமாவது உருண்டையான குச்சி. கிட்டிப்புள் ஆடும்போது கிட்டிக்கு முகம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் வீசினோமோ அந்தப் பக்கம்தான் புள் பறக்கும். அந்த அனுபவத்தை அப்படியே தட்டையான முகம் உள்ள கோல்ஃப் மட்டைக்கு ஏற்றிவிட்டோம். ஆனால் கிரிக்கெட் ஆடுகிற பையனைக் கேட்டால் வேறு பதில் வரும். தேர்ட் மேன் பக்கம் தட்டி விடுகிறவன் மட்டையை அந்தப் பக்கம் வீசுவதில்லை. முகத்தை மட்டும் திறக்கிறான். அங்கே பந்து எதிரே வேகமாக வருகிறது என்பது வேறு கணக்கு. ஆனாலும் திசையை முகம்தான் முடிவு செய்கிறது என்பது அவன் கைக்குத் தெரியும். தெருக் கிரிக்கெட்டில் தெரிந்த விஷயம் கோல்ஃப் வகுப்பில் தலைகீழாகப் போதிக்கப்பட்டிருக்கிறது.

சரி, இது வெறும் அறிவியல் விவாதமா என்றால் இல்லை. தம்பியின் ஒரு வருஷம் இதில்தான் போனது.

அவன் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தது என்றேன் அல்லவா? பழைய விதிப்படி: நேராகக் கிளம்பியது, அப்போ தடம் சரி, வலப்பக்கம் வளைந்தது, அப்போ முகம் திறந்திருக்கிறது, முகத்தை மூடு. அங்கே இருந்த ஒருவர் அவனுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறார். இப்போது சரியான கணக்கைப் போடுவோம். டிரைவரில் பந்து நேராகக் கிளம்பவேண்டுமென்றால், தடம் 6 டிகிரி இடப்பக்கம், முகம் ஒரே ஒரு டிகிரி வலப்பக்கம் இருந்தால் போதும். 85-க்கு 15 என்று பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். ஆக, அவன் முகம் கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருந்தது. கெட்டது தடம்.

இப்போது அவன் சொன்னபடி முகத்தை 5 டிகிரி மூடினால் என்ன ஆகும்? முகம் 4 டிகிரி இடம், தடம் அதே 6 டிகிரி இடம். பந்து 4 டிகிரிக்கு மேல் இடப்பக்கம் கிளம்பும். 180 மீட்டர் போவதற்குள் 13 மீட்டர் தள்ளிப் போகும். லேசாக வலப்பக்கம் திரும்பினாலும் ஊருக்கு வந்து சேராது. அவன் பயந்து முகத்தை மறுபடி திறப்பான். பழைய ஸ்லைஸ் திரும்பி வரும். மறுபடி மூடுவான். ஒரு வருஷம் இந்த ஊஞ்சல். கடைசியில் "நம்ம கை சரியில்லண்ணே, சின்ன வயசுலயே ஆடியிருக்கணும்" என்று முடிவுக்கு வந்துவிட்டான். தப்பான விளக்கம் செய்கிற மோசமான காரியம் இதுதான். தான் தோற்றதை மாணவன் தலையில் கட்டிவிட்டு அது தப்பித்துக்கொள்கிறது.

இந்த வெளிச்சத்தில் ஹோகனிடம் திரும்பி வந்தால் புத்தகம் இரண்டாகப் பிரிகிறது.

முதல் பாடம், பிடி. இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் கோடு வலது கண்ணைப் பார்க்கவேண்டும். வலது கையின் கோடு தாடையைப் பார்க்கவேண்டும் என்கிறார். இந்தப் பிடியில் முகம் எளிதில் மூடாது. ஹோகனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவருடைய ஆரம்பகால எதிரி ஹூக், அதாவது இடப்பக்கம் சுருண்டு விழும் பந்து. அதற்கு எதிராக அவர் கட்டிய தடுப்புச் சுவர் இந்தப் பிடி. ஆனால் புதிதாகக் கற்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் நேர் எதிர். சளிக்காரனுக்கு இளநீர் கொடுத்த கதை. 'என் நோய்க்கு நான் கண்டுபிடித்த மருந்து இது' என்று ஹோகன் தலைப்பிட்டிருந்தால் குறை சொல்லமாட்டேன். எல்லோருக்குமான அடிப்படை என்று தலைப்பிட்டதுதான் சிக்கல்.

மூன்றாம், நான்காம் பாடங்கள் கதையே வேறு. பந்திலிருந்து தோள் மேல் சாய்த்து வைத்த ஒரு பெரிய கண்ணாடித் தகட்டைக் கற்பனை செய்யச் சொல்கிறார். தலை மட்டும் அதிலுள்ள ஓட்டை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மட்டையைத் தூக்கும்போது கைகள் கண்ணாடிக்குக் கீழேயே இருக்கவேண்டும், உடைக்கக் கூடாது. இறங்கும்போது அந்தத் தகடு இன்னும் கொஞ்சம் படுத்து, இலக்குக்குச் சற்று வலப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தோளை முந்தவிட்டு வெளியிலிருந்து உள்ளே வெட்டி இழுக்கிறவன் நிச்சயம் இந்தக் கண்ணாடியை உடைப்பான். தம்பியின் 6 டிகிரி வியாதிக்கு மருந்து இந்தப் படத்தில் இருக்கிறது. வளைவைப் பற்றி விளக்காத மனிதர், வளைவுக்கான காரணத்தைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். புத்தகம் இத்தனை ஆண்டுகள் விற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே தம்பிக்கு நான் சொன்னது: முதல் பாடத்தைத் தள்ளி வை, இரண்டு கைக்கோடும் வலது தோளைப் பார்க்கும்படி பிடி. மூன்று, நான்கு பாடங்களின் படங்களைச் சுவரில் ஒட்டு. பந்துக்குச் சற்றுப் பின்னால், உன்னைவிட்டுத் தள்ளிய பக்கம் ஒரு காலி அட்டைப்பெட்டி வை; வெளியிலிருந்து வெட்டினால் பெட்டி பறக்கும். மட்டை முகத்தில் சாக்பீஸ் பொடி தடவிப் பந்து எங்கே படுகிறது என்று பார். ஏனென்றால் டிரைவரில் பந்து நுனிப்பக்கம் பட்டால் இடமாகவும், பிடிப்பக்கம் பட்டால் வலமாகவும் வளைய வாய்ப்பு உண்டு. அதற்கு முகத்தையும் தடத்தையும் குறை சொல்லக் கூடாது. இதையெல்லாம் பார்த்த பிறகு பந்திடம் இரண்டே கேள்வி கேள். எங்கே கிளம்பினாய்? அது முகம். எந்தப் பக்கம் வளைந்தாய்? அது முகத்துக்கும் தடத்துக்கும் உள்ள இடைவெளி.

முதல் வாரம் பெட்டி நாலு தடவை பறந்ததாம். இப்போது அனுப்புகிற வீடியோக்களில் வளைவு பாதிக்குக் குறைந்திருக்கிறது. முழுசாகப் போகவில்லை. போகும் என்று நான் வாக்கும் கொடுக்கவில்லை. ஆனால் இப்போது பந்து வலையில் விழும்போது அவன் தன் கையைத் திட்டுவதில்லை. "தடம் கெட்டுப்போச்சுண்ணே" என்கிறான்.

ஹோகனின் 80-க்குக் கீழ் என்ற உறுதிமொழியைப் பற்றி ஒன்று. அவர் தனியாக நின்று பந்து அடித்துத் தள்ளிய எண்ணற்ற மணிநேரங்கள் புத்தகத்தில் பக்கமாக வருவதில்லை. 1991-இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 1993-இல் மறுபடியும் வென்றார். நாள் முழுக்கப் பிறர் அடிக்கும் பந்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதும் ஒரு பள்ளிக்கூடம்தான். பந்து பொறுக்குகிற பையன்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் இலவசமாகக் கிடைக்கிறது. பார்த்ததற்குச் சரியான விளக்கமும் அவர்கள் மொழியில் கிடைக்கவேண்டும். தம்பி கேட்டதும் அதைத்தான்.

அடுத்த மாதம் லீவில் வருகிறான். இரண்டு பேரும் கொடைக்கானல் போவதாகத் திட்டம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி நம்ம சமவெளியைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பந்து கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். "அப்போ நான் அங்கேயே ஆடிக்கிறேண்ணே" என்கிறான். வேன் ஜன்னலில் இருந்து பார்க்கத்தான் போகிறோம் என்று ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.