சாட்சியும் பிரதியும்: மீண்டெழும் நினைவுகளின் நம்பகம் குறித்து

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் அறிந்த விதியொன்றுண்டு. பத்துப் பிரதிகள் ஒரே பிழையைத் தாங்கி நிற்குமாயின் அவை பத்துச் சான்றுகளாகா. ஒரு தாய்ச்சுவடியின் வழிவந்த ஒரு சான்றாகவே கொள்ளப்படும். மூலபாடத் திறனாய்வின் இவ்விதி, நினைவைச் சான்றாகக் கொள்ளும் குற்றச்சாட்டுகளுக்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மேலைநாட்டு உதாரணமொன்றை நோக்கலாம். கனடிய மனநல மருத்துவர் லோரன்ஸ் பாஸ்டரும் அவரிடம் சிகிச்சை பெற்ற மிஷெல் ஸ்மித்தும் எழுதிய 'மிஷெல் ரிமெம்பர்ஸ்' 1980இல் வெளிவந்தது. சிறுவயதில் சாத்தான் வழிபாட்டுக் குழுவொன்றின் சடங்குகளில் துன்புறுத்தப்பட்டதாகச் சிகிச்சையின்போது மீண்டெழுந்த நினைவுகளை அந்நூல் கூறிற்று. அவற்றுக்குப் புறச்சான்று கிடைக்கவில்லை. எனினும் அதையொத்த கதைக்கூறுகள் பின்வந்த குற்றச்சாட்டுகள் பலவற்றிலும் ஒலித்தன. 1983இல் கலிபோர்னியாவில் தொடங்கிய மக்மார்ட்டின் பாலர் பாடசாலை வழக்கில், விடையைத் தம்முள் அடக்கிய வினாக்கள் குழந்தைகளிடம் தொடுக்கப்பட்டன. 1990இல் எவரும் தண்டிக்கப்படாமலே வழக்கு முடிவுற்றது. அச்சாட்சியங்களின் உண்மை ஆசிரியர் யார் என்பதே அங்கு எழும் வினா.

எமது கரையோரத்துக்கும் இவ்வினா அந்நியமன்று. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தோடு வளர்ந்த அம்பாறை நகரில், 2018 பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் உணவகமொன்றின் உணவிற் கிடந்த கட்டி மலட்டு மாத்திரை எனக் கூறப்பட்டது. கூட்டம் சூழ்ந்து நிற்க, சிங்களம் சரிவர அறியாத தமிழ் பேசும் கடைக்காரர் தடுமாறிச் சொன்ன 'ஆம்' ஒளிப்பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவிற்று. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டியே என அரசாங்கப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் காட்டிற்று. ஒருவர் தமக்குப் புரியாத மொழியில், அச்சத்தின் நடுவே கூறிய சொல்லை அவரது கூற்றாகக் கொள்ளுதல் திறனாய்வின் அரிச்சுவடிக்கே முரணானது.

நினைவின் பங்கு மேலும் தெளிவாகப் புலப்பட்டது குருநாகலிலேயாம். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து ஒரு மாதத்தில், 2019 மே 23 அன்று, முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்கள பௌத்தத் தாய்மாரை மலடாக்கினார் எனத் 'திவயின' முதற்பக்கத்தில் எழுதியது. மருத்துவர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். அதன் பின்னரே நூற்றுக்கணக்கான பெண்கள் தம் பழைய சத்திரசிகிச்சைகளைப் புதிதாக நினைவுகூர்ந்து முறையிட்டனர். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சான்றேதும் காணவில்லை; பின்னர் அவர் மீளப் பணியில் அமர்த்தப்பட்டார். முறைப்பாடுகளின் எண்ணிக்கை பெரிது. ஆயின் தாய்ச்சுவடி அச்செய்தி ஒன்றே.

இதனை வெறும் அறியாமையின் விளைவெனக் கொள்வது கருத்துமுதல்வாதமாகும். நிலத்துக்கும் சிறுவணிகத்துக்குமான போட்டி இனத்தொகை பற்றிய அச்சமாக உருமாறுகிறது. அவ்வச்சத்தைப் பண்டமாக்கி விற்கும் ஆற்றல் பத்திரிகை முதலீட்டுக்கு உண்டு. கருத்தரிக்க இயலாத பெண்ணின் துயர் மெய்யானது. அத்துயருக்கு அச்சிட்டு வழங்கப்பட்ட காரணமே ஆதாரமற்றது.

இவ்வேறுபாட்டை மறப்போர் எதிர்த்திசையில் தவறுவர். பிரித்தானியாவில் மானிடவியலாளர் ஜீன் லா ஃபொன்டெய்ன் 84 சம்பவங்களை ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட அறிக்கை, சாத்தான் வழிபாட்டுக்குச் சான்றில்லை என்றது. ஆயினும் மூன்று சம்பவங்களில், குழந்தைகள்மீதான பாலியல் வன்முறைக்குச் சடங்கு துணைக்கருவியாகப் பயன்பட்டதை அவ்வறிக்கை உறுதிசெய்தது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் குடும்ப மானத்தின் பெயரால் வாயடைக்கப்படும் பிள்ளையின் சொல்லை, 'வதந்தி' என ஒதுக்க எமது ஐயம் ஆயுதமாகிவிடலாகாது.

எனவே ஒவ்வொரு சாட்சியத்திடமும் வினவ வேண்டியவை மூன்று: முதலில் எப்போது, யார் முன்னிலையில் கூறப்பட்டது? எவர் சொற்களில் கூறப்பட்டது? அக்கதை பரவுமுன்னரே இருந்த தடயம் ஏதேனும் உண்டா? இவற்றை ஆளுக்கேற்ப மாற்றாது கேட்கும்போதே, பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் மெய்யாகவே துன்புற்றவருக்கும் ஒருங்கே நீதி கிட்டும்.