சித்திரபுரத்து ஏற்றமும் ஒரு பெரிய காரும்

நம் நாட்டில் பெரிய செடான் காரைப் பற்றி எழுத வருகிறவர்கள், முதற் காரியமாகப் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி அமர்ந்து, முழங்காலுக்கும் முன்சீட்டின் முதுகுக்கும் நடுவே எத்தனை சாண் மிச்சமிருக்கிறது என்று அளந்து, அந்த அளவையே தீர்ப்பாக எழுதிவிடுவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. முதலாளி பின்னால் உட்காருவார், சம்பளத்துக்கு வைத்த டிரைவர் முன்னால் உட்காருவார் என்ற அனுமானத்தின் பேரில் நடக்கிற விமர்சனம் அது. ஆனால் வண்டியின் உயிர் இருக்கும் இடம் முன்சக்கரங்களே என்பதும், அவற்றின் சுபாவத்தை அறிய வேண்டுமானால் ஸ்டியரிங்கைத் தானே பிடித்து ஒரு மழைக்காலத்தை மலையில் கழிக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். இந்த ஆண்டு எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது.

மஸ்கட்டில் வேலை கிடைத்துப் புறப்பட்ட என் மைத்துனர், தாம் கொச்சியில் வாங்கி வைத்திருந்த ஸ்கோடா சூப்பர்ப் காரை என் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். 2016-ல் நம் நாட்டுக்கு வந்த மூன்றாம் தலைமுறை வண்டி, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 180 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். மற்ற விவரங்களை எல்லோரும் அறிவார்கள். வண்டியின் நீளம் ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைவு என்பதை மட்டும், எங்கள் சித்திரபுரம் கடைத்தெருவில் அதைத் திருப்பி நிறுத்துகிறவன் என்ற முறையில், ஒரு பெருமூச்சோடு இங்கே சொல்லி வைக்கிறேன்.

சித்திரபுரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மூணாற்றிலிருந்து அடிமாலிக்கு இறங்கும் நெடுஞ்சாலையில், பள்ளிவாசலைத் தாண்டி இரண்டாம் மைலில் பிரியும் கிளை ரோட்டில், ஆனச்சாலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில், 1940-ல், இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது இங்கேதான். முதிரப்புழையின் நீர் ராட்சதக் குழாய்களில் மலையிலிருந்து விழுந்து சக்கரத்தைச் சுழற்றுகிறது; நீர் விழுகிற அந்தச் சரிவையே நாங்கள் வண்டியில் ஏறியாக வேண்டும். சமவெளிக்காரர்கள் மேம்பாலம் என்று சொல்வதை இங்கே யாரும் ஏற்றமாக மதிப்பதில்லை.

பெரிய உடலும், முன்சக்கர இழுவையும், வலிமை மிக்க பெட்ரோல் என்ஜினும் ஒருங்கே அமைந்த வண்டிகள் நம் ஊரில் அதிகம் வந்ததில்லை. வந்தவற்றுள் எனக்குப் பிரியமானது எது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால், நெடுங்காலம் நான் ஹோண்டா அக்கார்டு வி-6 என்றே சொல்லி வந்தேன். மூன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர், 275 குதிரைத்திறன். காலை அழுத்தினால் அந்த என்ஜின் எழுப்பும் நாதத்துக்கு அடிமையானவர்களில் நானும் ஒருவன். சும்மா போகும்போது மூன்று சிலிண்டர்களைத் தூங்க வைத்துவிட்டு மற்ற மூன்றால் ஓடும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு. கொச்சியிலிருந்து கோயம்புத்தூர் வரை நேர் ரோட்டில் அதை ஓட்டியவன் வேறு வண்டியை எளிதில் விரும்பமாட்டான். டொயோட்டா கேம்ரியின் ஹைபிரிட் வண்டிக்கு அமைதியில் நிகரில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேட்டில் மிதித்தால் என்ஜின் ஒரே சுருதியில் நின்று இரைய, வண்டி தன் பாட்டுக்குத் தனியே ஏறிக்கொண்டிருப்பது எனக்கு ஒருபோதும் சம்மதப்பட்டதில்லை. இது பட்சபாதம் என்றால் பட்சபாதமாகவே இருக்கட்டும்.

அக்கார்டின் மேல் எனக்கிருந்த விசுவாசம் தளர்ந்ததற்குக் காரணம் காற்று. டர்போ இல்லாத என்ஜின் தான் உறிஞ்சும் காற்றை நம்பியே வாழ்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைய, நூறு மீட்டருக்கு உத்தேசமாக ஒரு சதவீத வலிமை கரைந்துபோகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் அளவு உயரத்தில் உள்ள மூணாற்றில், காகிதத்தில் 275 என்று எழுதியிருப்பது நிஜத்தில் 235-க்கு அருகே இறங்கிவிடும். அதன் முறுக்குவிசையின் உச்சமோ என்ஜின் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுச் சுற்றும்போதுதான் வருகிறது. கொண்டை ஊசி வளைவில் ஐயாயிரம் சுற்றுக்கு என்ஜினை எழுப்புகிறவன், பின்னால் வரும் பஸ்காரரின் வசவையும் சேர்த்து எழுப்புவான். டர்போவோ மெலிந்த காற்றையும் அழுத்தித் திணித்துக்கொள்வதால் மலையில் அதிகம் இழப்பதில்லை. சூப்பர்ப் தன் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுவதையும் 1,450 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. இரண்டாவது கியரில் அது மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம், அதாவது கொண்டை ஊசி வளைவை முடித்து வெளியே வருகிற அதே வேகம். இந்த மலையை மனத்தில் வைத்துக்கொண்டு யாரோ கணக்குப் போட்டார்களோ என்று சந்தேகம் வரும்படியாக இரண்டும் பொருந்துகின்றன.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். இதே என்ஜினை ஆட்டோமேட்டிக் கியரோடு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது 320 அல்ல, 250 மட்டுமே. அந்த ஏழு கியர்ப் பெட்டியின் உலர் கிளட்சுகள் அதற்கு மேல் தாங்கா என்பதால் என்ஜினின் கையைக் கட்டிவிட்டார்கள். அதிக விலை கொடுத்தவருக்குக் குறைந்த பலம். அதிக வேலை செய்கிற இடது காலுக்கு அதிகப் பலம். உலகத்தில் இப்படி நியாயம் நடப்பது அபூர்வம் என்பதால் இதை எண்ணி நான் அடிக்கடி மகிழ்வதுண்டு.

ஆனால் அந்த மகிழ்ச்சியின் மறுபக்கமும் அதே 1,450 சுற்றில்தான் ஒளிந்திருக்கிறது. இந்த மழைக்காலம் முழுவதும் என் சிந்தையை ஆட்கொண்டிருந்த விஷயம் அது. ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். ஆகையால் இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம்; அங்கே ரோடு மிகக் குறுகத் திரும்புவதோடு, மிகச் செங்குத்தாகவும் ஏறுகிறது. வலப்பக்க வளைவில் வெளிவட்டமாக அகலப் போகலாம், ஏற்றமும் மெல்லவே வரும்; அதைக் குழந்தையும் ஓட்டலாம். இடவளைவில் நுழையும்போது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்க, பாரம் முழுதும் பின்னோக்கிச் சரிகிறது. திரும்புவதால் அதே பாரம் வலப்பக்கமும் சரிகிறது. இரண்டு சரிவும் சேர்ந்து எந்தச் சக்கரத்தை அநாதையாக்கும் என்று பார்த்தால், அது உள்பக்கத்து முன்சக்கரம். வண்டியை இழுக்க வேண்டியதும் அது, திருப்ப வேண்டியதும் அது. பாரமோ அதன் மேல் இல்லை. சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு: எந்தச் சக்கரம் எளிதாகச் சுழல்கிறதோ அதன் போக்கிலேயே பலத்தை விட்டுவிடும். ஆக, வளைவின் நடுவில், மழை நீரோடு செம்மண்ணும் சருகும் வழிந்து கிடக்கிற ஓரத்தில், சரியாக அந்த நிமிஷத்தில் 320 நியூட்டன் மீட்டரும் ஒருசேர வந்து இறங்குமானால், இடது முன்சக்கரம் விர்ரென்று சுழன்று சேற்றை வாரி அடிக்கிறது. ஸ்டியரிங் கைக்குள் லேசாக நெளிகிறது. கம்பீரமான அந்த நெடிய கார் நின்ற இடத்திலேயே நின்று நாணுகிறது.

மின்னணு ஏற்பாடுகள் துணைக்கு வராமல் இல்லை. சுழலுகிற சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, மற்றதற்குப் பலத்தைத் தள்ளும். அதுவும் போதாதபோது என்ஜினையே அடக்கும். இந்த இனத்து வண்டிகள் எல்லாவற்றிலும் எனக்குள்ள மனஸ்தாபம் இந்த அடக்கத்தைப் பற்றியதே. பின்னால் தோட்டத்து லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு நிற்க, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் காது கேளாததுபோல் நடிப்பதைவிட, சக்கரம் நாலு சுற்று வீணாகச் சுழன்றுவிட்டுப் போவது மேல்.

எங்கள் தெருவில் ஜீப் ஓட்டும் இளைஞர் ஒருவர், பவர்ஹவுஸ் பக்கத்து வளைவில் நான் இவ்வாறு சேறு விசிறுவதை டீக்கடைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், நம்ம ஜீப்புக்கு மேட்டுல நாலு காலும் பிடிக்கும். ஒங்க வண்டி கையாலயே நடக்குற வண்டி. வளையிறப்ப மிதிக்காதீங்க, கொஞ்சம் அகட்டிப் போயி, ஸ்டியரிங்க நேராக்கிட்டு அப்புறம் மிதிங்க.” முன்சக்கர இழுவையைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதுவும் இத்தனை சுருக்கமாக விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் சொன்னபடி, எதிரே வண்டி இல்லை என்று நிச்சயித்துக்கொண்டு, வளைவுக்கு முன்பே சற்று வலப்பக்கம் ஒதுங்கி நுழைந்து, உள்சக்கரத்தை ஓரத்துச் சேற்றிலிருந்து காப்பாற்றி, சக்கரங்கள் நேராகத் தொடங்கும் தருணத்தில் காலை மெல்ல இறக்கினால், அந்த 1,450 சுற்று வரமாக மாறுகிறது. முதல் கியருக்கு இறங்கும் அவசியமே இன்றி, முதுகை ஒரு பெரிய உள்ளங்கை தாங்கித் தள்ளுவது போன்ற சுகத்தோடு இரண்டாம் மைல் வரை ஏறிவிடலாம். அந்தச் சுகத்துக்காக, பால் வாங்கப் பக்கத்துக் கடை இருக்கையில் பள்ளிவாசல் வரை போய்வந்த நாட்களும் உண்டு.

முன்சக்கரங்களின் மேல் இத்தனை பாரத்தைச் சுமத்தலாமா என்ற விவாதம் புதிதல்ல. பிரான்சில் 1934-லேயே சித்ரோவன் கம்பெனி முன்சக்கர இழுவைக் காரை ஏராளமாகச் செய்து விற்றது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ 1966-ஆம் ஆண்டு மாடலாக வந்தபோது, ஏழு லிட்டர் வி-8 என்ஜினின் 385 குதிரைத்திறனையும் இரண்டு முன்சக்கரங்களிடமே ஒப்படைத்தது. அந்த வண்டியைப் போடிமெட்டின் ஊசி வளைவுகளில் ஓட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று யோசிப்பது என் மழைநாள் பொழுதுபோக்கு. நம் நாட்டிலோ, அம்பாசடரின் பின்சக்கரங்கள் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், 1983-ல் வந்த மாருதி 800 முன்சக்கர இழுவையைச் சாதாரண சங்கதியாக்கிவிட்டது. மாருதிக்கு இடவளைவில் சங்கடம் கிடையாது. விசிறுவதற்கு அதனிடம் பலம் இருந்தால் அல்லவா?

சூப்பர்ப் காரின் கதவுக்குள் குடை வைத்திருப்பதைப் பற்றி எழுதாத விமர்சகர் இல்லை. நானும் எழுதுகிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. முந்தைய இரண்டு தலைமுறைகளிலும் அந்தக் குடை பின்கதவில் இருந்தது, ஒன்றே ஒன்று. மூன்றாம் தலைமுறையில் இரண்டு குடைகள், இரண்டும் முன்கதவுகளில். வண்டியின் எஜமானர் பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார் என்பதைக் கம்பெனிக்காரர்கள் இதைவிடத் தெளிவாக எழுதித் தந்திருக்க முடியாது. நனைந்த குடையைத் திரும்பச் செருகினால் தண்ணீர் வெளியே வடிய வழியும் வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் சித்திரபுரத்தில் அது காய்ந்ததாக ஞாபகம் இல்லை.

என் மாமியார் பின்சீட்டின் விசாலத்தை மெச்சிக்கொண்டார். ஆனால் அடிமாலி வரை இறங்கியதும் எலுமிச்சம்பழம் கேட்டார். நீண்ட வண்டியில் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு வளைவிலும் நீளமாகவே வீசப்படுகிறார்கள். பெட்ரோல் விஷயத்தில், ஏறும் நாட்களில் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கிடைத்தால் கடவுள் கிருபை. பழுது என்று வந்தால் இந்த மலையில் அதன் வயிற்றைத் திறந்து பார்க்கத் துணிகிற மெக்கானிக் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் கை இன்று இந்த ஆறு கியர் வண்டியையே காட்டுகிறது. ஆனால் அது இப்போது புதிதாகக் கிடைக்காது. 2020-ல் புகை விதிகள் மாறியபோது 1.8 என்ஜினும் கைக் கியரும் ஒருங்கே விடைபெற்றன. பின்னர் வந்த 2 லிட்டர் வண்டி 190 குதிரைத்திறனோடு ஆட்டோமேட்டிக்காக மட்டுமே வந்தது. 2024-ல் வெளிநாட்டிலிருந்து நூறே வண்டிகள் இறக்குமதியானபோது விலை 54 லட்சம். ஒரு காலத்தில் 23 லட்சத்துக்குள் புதிதாகக் கிடைத்த கைக் கியர் வண்டியை இனிப் பழைய கார்ச் சந்தையில்தான் தேட வேண்டும். தேடுகிறவர்கள் பளபளப்பையும் தோல் சீட்டையும் பார்ப்பதோடு நில்லாமல், குனிந்து முன் டயர்கள் இரண்டையும் தடவிப் பார்க்கட்டும். பின் டயர்கள் புதுக்கருக்காக இருக்க, முன் டயர்களின் வெளியோரம் மட்டும் மழுங்கியிருந்தால், வண்டி மலையில் வாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கிளட்சையும் பார்த்துவிட்டு, விலையில் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்கலாம். என் மைத்துனர் திரும்பி வந்து இந்த வண்டியை விற்க நினைத்தால், அவரிடம் அப்படிக் குறைத்துக் கேட்கப்போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.