பெயர்ப்பைத் திருத்துதலும் புதிதாகப் பெயர்த்தலும்: ஜெர்மன் ஷேக்ஸ்பியர் கழக வெளியீடுகள்

ஒரு செவ்வியல் ஆசிரியரின் பெயரால் அமையும் இலக்கியக் கழகங்களின் இதழ்கள் பெரும்பாலும் அவ்வாசிரியரின் மொழி வழங்கும் நாட்டிலேயே தோன்றுகின்றன. 1864இல் வைமர் நகரில் நிறுவப்பெற்ற ஜெர்மன் ஷேக்ஸ்பியர் கழகம் இதற்கு விலக்காகும். 1865இல் தொடங்கிய அதன் ஆண்டிதழ், ஆசிரியரை மட்டுமன்றி, அவரை ஜெர்மன் மொழியில் வழங்கிய பெயர்ப்பையும் பேணும் பொறுப்பை ஏற்க நேர்ந்தது.

அப்பெயர்ப்பு ஷ்லேகலும் டீக்கின் குழுவினரும் ஆக்கியது. ஷ்லேகல் 1797 முதல் 1810 வரை 17 நாடகங்களைப் பெயர்த்தார். டீக்கின் மேற்பார்வையில் அவர் மகள் டோரத்தேயாவும் பௌடிசினும் எஞ்சியவற்றை 1833க்குள் நிறைவு செய்தனர். கழகம் இப்பெயர்ப்பைத் திருத்தி, உல்ரிட்சியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1867 முதல் 1871 வரை வெளியிட்டது. அதே ஆண்டுகளில், ஆண்டிதழின் முதல் ஆசிரியரான போடன்ஸ்டெட் வேறு பெயர்ப்பாளர்களுடன் இணைந்து முற்றிலும் புதிய பெயர்ப்பொன்றைக் கொணர்ந்தார். ஒரே வட்டத்தினுள் எழுந்த இவ்விரு முயற்சிகளும் ஒரே வினாவுக்குரிய மாறுபட்ட விடைகளாகும்.

திருத்தப் பதிப்பின் அடிப்படை ஆய்வுக்குரியது. பொருட்பிழையை நீக்குதல் ஏற்புடையதே. நடையைத் திருத்துவது அவ்வாறன்று. முன்னிலைப் பெயர்களை நோக்கினால் இது விளங்கும். ஆங்கிலத்தின் 'தௌ', 'யூ' வேறுபாட்டை ஜெர்மனின் 'டூ', 'ஈர்' வேறுபாடு ஏறத்தாழத் தாங்குகிறது. ஆயினும் மரியாதைப் பொருளில் 'ஈர்' பின்னர்ப் பொதுவழக்கில் அருகி, அவ்விடத்தை 'ஸீ' பெற்றது. தமிழில் 'நீர்' பல வட்டாரங்களில் 'நீங்கள்' என்பதற்கு இடம்விட்டமை இதனோடு ஒப்பிடத்தக்கது. 'ஈர்' என்பதை மாற்றினால் நாடகத்தின் காலச்சாயல் குன்றும்; மாற்றாவிடின் முதல் வாசகர் உணராத பழமை இன்றைய வாசகர்க்குப் புலப்படும். சொல் மாறாதிருக்கவே அதன் மதிப்பு மாறுகிறது. இம்மாற்றத்தை எத்திருத்தமும் தடுக்க இயலாது.

மேலும், திருத்திய பெயர்ப்பில் ஒரு தொடர் ஷ்லேகல் காலத்து வழக்கா, திருத்தியோர் காலத்து வழக்கா என்பது முதற்பதிப்போடு ஒப்பிட்டாலன்றித் துணியப்படாது. மொழி வரலாற்றாய்வாளர்க்கு இது பெரும் இழப்பாகும்.

1963இல் கழகம் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்தபின் ஆண்டிதழ்களும் இரண்டாயின. 1993இல் மீண்டும் ஒன்றாயின. அரசியல் எல்லையால் பிரிந்த காலத்தும் இருசாராரும் ஷேக்ஸ்பியரை விடவில்லை என்பது நோக்கத்தக்கது.

பழைய பெயர்ப்பை அதன் காலச்சான்றாக மாற்றமின்றிப் பதிப்பித்தலும், மேடைக்கும் வாசிப்புக்கும் புதிதாகப் பெயர்த்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒரே நூலில் நிறைவேற்ற முயலும்போதே குழப்பம் நேர்கிறது. செவ்வியல் ஆசிரியர்க்கெனக் கழகம் நடத்துவோர் அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது.