அணங்கும் விலங்கும்: 'வால்புர்கிஸ் இரவு' திரைப்படத்தில் அச்சத்தின் நிலைக்களன்கள்

முன்னுரை

மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாகிய அச்சம் நான்கு பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அந்நான்கு. முதல் மூன்றும் அஞ்சத்தக்கன என்பதில் யார்க்கும் ஐயம் எழாது. நான்காவதாகிய இறையோ குடிகளைக் காக்கும் பொறுப்புடைய தலைமை. காப்பதற்குரிய அதுவே அஞ்சுவதற்குரியதாகவும் ஆகும் என்பதை இலக்கண நூலொன்று தயக்கமின்றி ஏற்றுப் பட்டியலிட்டிருப்பது எண்ணத்தக்கது.

இந்நான்கு களன்களையும் அளவுகோலாகக் கொண்டு ஸ்பானியத் திகில் படமொன்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஓநாய் மனிதனும் இரத்தக்காட்டேரிகளும் பொருதும் 'வால்புர்கிஸ் இரவு' (1971) என்பதே அப்படம். செய்யுட்கு வகுத்த கோட்பாட்டைத் திரைக்குப் பொருத்தலாமா என்னும் வினா எழலாம். மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர் நாடக நூலார் கொள்கையையும் இணைத்தே விளக்கிச் செல்கிறார். காண்போர் உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு எனின், காண்போரை நடுங்கச் செய்வதையே தொழிலாகக் கொண்ட திகில் படத்திற்கு அக்கோட்பாடு அயலானதன்று.

இத்தகைய மலிவுப் படங்களைத் திறனாய்வாளர் பெரும்பாலும் நகையாடி ஒதுக்குவர். சுவைஞர் சிலர் அளவிறந்து போற்றுவர். இவ்விரு நிலைகளையும் விலக்கி, படம் எதை அஞ்சச் சொல்கிறது, எதை அஞ்சுவதாகக் காட்டிக்கொள்ளாமல் அஞ்சுகிறது என்பதைக் காண முயல்வது பயன்தரும்.

படத்தின் பின்புலம்

ஸ்பெயினும் மேற்கு ஜெர்மனியும் கூட்டாகத் தயாரித்த இப்படத்தை இயக்கியவர் லியோன் கிளிமோவ்ஸ்கி. அர்ஜென்டினாவில் பிறந்த இவர் பல் மருத்துவம் பயின்று பின்னர்த் திரைத்துறைக்கு வந்தவர். திரைக்கதையாசிரியருள் ஒருவரும் தலைமை நடிகரும் ஒருவரே. ஹசிந்தோ மோலினா என்னும் இயற்பெயருடைய அவர், திரையில் பால் நாச்சி (1934-2009) என அறியப்பட்டவர், மாட்ரிட்டில் பிறந்தவர், ஸ்பெயினின் பளுதூக்கும் போட்டியில் வாகை சூடியவர். சிறுவயதில் கண்ட அமெரிக்கப் படமாகிய 'ஃபிராங்கன்ஸ்டைன் ஓநாய் மனிதனைச் சந்திக்கிறான்' (1943) தம் வாழ்வின் போக்கைத் தீர்மானித்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

நாச்சி படைத்த வால்டெமார் டானின்ஸ்கி என்னும் ஓநாய் மனிதன் முதன்முதல் தோன்றியது 'ஓநாய் மனிதனின் முத்திரை' (1968) என்னும் படத்தில். ஓநாய் மனிதனை இரத்தக்காட்டேரிகளோடு மோதவிடும் அமைப்பும் அதிலேயே உண்டு. எனினும் பெரும் வணிக வெற்றி பெற்றது 'வால்புர்கிஸ் இரவு' தான். 1970களின் முற்பகுதியில் ஸ்பெயினில் திகில் படங்கள் பெருகுவதற்கு இவ்வெற்றி வழிவகுத்தது என்பது திரைப்பட வரலாற்றாசிரியர் பலரும் உடன்படும் கருத்து. பத்துக்கும் மேற்பட்ட படங்களில் நாச்சி இப்பாத்திரத்தை ஏற்றார்.

கதைப்பின்னல்

பிணவறையில் கிடக்கும் டானின்ஸ்கியின் உடலை மருத்துவர் இருவர் ஆய்வு செய்கின்றனர். ஓநாய் மனிதன் பற்றிய கதைகளை நகைத்தபடியே நெஞ்சில் புதைந்த வெள்ளிக் குண்டுகளை அகற்றுகின்றனர். முழுநிலவொளியில் பிணம் உயிர்பெற்று அவர்களைக் கொல்கிறது. பின்னர் எல்விரா, ஜெனிவீவ் என்னும் மாணவியர் இருவர், இடைக்காலத்தில் கன்னியர் குருதியைப் பருகினாள் எனப்படும் வாண்டெசா என்னும் சீமாட்டியைப் பற்றி ஆராய்வதற்கு வட பிரான்சின் சிற்றூர்ப் பகுதிக்குச் செல்கின்றனர். வழியில் வண்டியின் எரிபொருள் தீர்ந்துவிடுகிறது. மனநிலை பிறழ்ந்த தங்கை எலிசபெத்துடன் தனித்து வாழும் டானின்ஸ்கி அவர்களுக்கு இடமளிக்கிறான்.

சீமாட்டியின் கல்லறையைக் கண்டுபிடித்துத் திறக்கின்றனர். எலும்புக்கூட்டில் செருகியிருந்த வெள்ளிச் சிலுவை அகற்றப்படுகிறது. ஜெனிவீவின் காயத்திலிருந்து சொட்டும் குருதி பிணத்தின்மேல் விழ, வாண்டெசா எழுகிறாள். ஜெனிவீவும் இரத்தக்காட்டேரியாகிறாள். டானின்ஸ்கிக்கும் அந்தச் சிலுவையே வேண்டும். அதனால், அதுவும் தன்னை நேசிக்கும் பெண்ணின் கையால் மட்டுமே, அவனுக்கு இறப்பு வாய்க்கும். ஏப்ரல் 30ஆம் நாளின் வால்புர்கிஸ் இரவில் எல்விராவைப் பலியிட வாண்டெசா முனைகிறாள். ஓநாயாக மாறிய டானின்ஸ்கி அவளைக் கடித்துக் கொல்கிறான்; எல்விரா சிலுவையை அவன் நெஞ்சில் பாய்ச்சுகிறாள்.

இரு களன்களின் மோதல்

தொல்காப்பியரின் பகுப்பில் வைத்து நோக்கின், வாண்டெசா அணங்கு, டானின்ஸ்கி விலங்கு. கள்வர் என்னும் களனுக்கு இப்படத்தில் சிறப்பிடம் இல்லை. அச்சத்தின் இரு களன்களைத் தனித்தனியே காட்டாது ஒன்றையொன்று அழிக்க விடுவதே இப்படத்தின் அடிப்படை அமைப்பு. இவ்வமைப்பைக் கிளிமோவ்ஸ்கி உரையாடலால் விளக்கவில்லை. அசைவால் விளக்குகிறார் என்பதே அவர்தம் தனிச்சிறப்பு.

இரத்தக்காட்டேரிகள் தோன்றும்போதெல்லாம் படம் மெதுவியக்கத்திற்கு மாறுகிறது. பனிமூட்டத்தினூடே மெல்லிய துகில் அலைய அவர்கள் மிதந்து வருவதுபோல் வருகின்றனர், ஓசையும் அடங்கிவிடுகிறது. ஓநாய் மனிதனோ பாய்கிறான், உறுமுகிறான், கதவுகளை உடைக்கிறான். பளுதூக்கியவரின் திரண்ட தோள்கள் உரோமப் புனைவுக்கு அடியிலும் மறையவில்லை. காலம் அணங்குக்கு இல்லை. விலங்குக்கோ முழுநிலவு தோறும் காலம் வந்து அறுக்கிறது. விலையுயர்ந்த தந்திரக் காட்சிகளுக்கு வழியில்லாத இடத்தில், படக்கருவியின் வேகத்தை மாற்றுதல் என்னும் செலவு குறைந்த உத்தி ஒன்றினாலேயே இரு வேறு உலகங்கள் உருவாகிவிடுகின்றன. அமாண்டோ தெ ஒசோரியோவின் 'குருட்டு அச்சத்தின் இரவு' (1972) படத்தில் இறந்த வீரர்கள் குதிரைமீது மெதுவியக்கத்தில் வருவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. வாண்டெசா அச்சத்தை மட்டுமே தோற்றுவிக்கிறாள். டானின்ஸ்கி அச்சத்தோடு அழுகையையும் தோற்றுவிக்கிறான். அழுகைக்குரிய களன்களாகத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் இழவும் அசைவும் அடங்கும். பண்டை நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதலாகிய அசைவுதான் டானின்ஸ்கியின் நிலை. அவன் தன் கொடுமையை அறிவான், அதற்கு நாணுகிறான், தன்னைக் கொல்லத்தக்க கருவியைத் தானே தேடுகிறான். கொலைசெய்தவன்மீது இரக்கம் பிறக்கச் செய்வது எளிய செயலன்று. படத்தின் நெஞ்சம் இவ்விரக்கத்தில்தான் உள்ளது.

அயலாக்கப்பட்ட அச்சம்

இனி, திரையில் தோன்றாத நான்காம் களனை நோக்குவோம். 1939 முதல் 1975இல் தாம் இறக்கும்வரை பிராங்கோ ஸ்பெயினை ஆண்டார். திரைக்கதைகள் படப்பிடிப்புக்கு முன்னரே தணிக்கைக்கு உட்படவேண்டியிருந்தது. தணிக்கை விதிகள் 1963இல்தான் எழுத்துவடிவில் வெளியிடப்பட்டன. தணிக்கைமுறை நீங்கியது 1977இல். ஓநாய் மனிதன் ஸ்பானியனாக இருத்தலாகாது எனத் தணிக்கையாளர் மறுத்தமையால்தான் அவனைப் போலந்து நாட்டவனாக்கியதாக நாச்சி கூறியுள்ளார்.

இம்மறுப்பின் விளைவு படமெங்கும் பரவியிருக்கிறது. ஓநாய் மனிதன் போலந்துக்காரன். வாண்டெசாவின் குடிப்பெயராகிய நாடாஸ்டி, குருதிவெறி கொண்டவள் எனப் பழிக்கப்பட்ட ஹங்கேரியச் சீமாட்டி எர்செபெத் பாத்தோரி (1560-1614) மணந்த குடும்பத்தின் பெயர். கதை நிகழ்வது பிரான்சில். தலைப்பிலுள்ள இரவோ ஜெர்மானிய மரபுக்குரியது. நடிகரின் பெயர்கூட அயலாகியது: போப்பாண்டவர் ஆறாம் பவுலின் பெயரையும், ஹங்கேரியப் பளுதூக்கு வீரர் ஒருவரின் குடும்பப்பெயரைத் திரித்தும் சேர்த்து உருவானதே 'பால் நாச்சி'. வெளிநாட்டுச் சந்தைக்கு அயல் ஒலி வேண்டும் என்னும் வணிகத் தேவையும், உள்நாட்டில் பேய் இல்லை என்னும் ஆட்சியின் கொள்கையும் இங்கு ஒரே திசையில் இயங்கியமை கருதத்தக்கது.

ஆயின் ஸ்பெயினுக்கு ஓநாய் மனிதன் அயலானவன் அல்லன். கலீசியாவைச் சேர்ந்த மனுவேல் பிளாங்கோ ரோமசாந்தா என்னும் ஊர்சுற்றி வணிகன், தான் சாபத்தால் ஓநாயாக மாறிக் கொலைகள் புரிந்ததாக வாக்குமூலம் அளித்தான். அல்லாரிசில் நடைபெற்ற வழக்கில் 1853இல் அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அரசி இரண்டாம் இசபெல்லா அதனை ஆயுள்தண்டனையாகக் குறைத்தார். இவன் கதையைத் தழுவிய நாவலைக் கொண்டு பெத்ரோ ஒலேயா 'ஓநாயின் காடு' (1970) என்னும் படத்தை உருவாக்கினார். அதில் ஓநாய் உருமாற்றம் இல்லை; வலிப்புநோயாலும் ஊராரின் மூடநம்பிக்கையாலும் அலைக்கழிக்கப்பட்ட ஒரு மனிதனே உள்ளான்.

ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றிய இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலனாகும். கொலைஞன் நோயாளியாயின் ஸ்பானியனாக இருக்கலாம். அவன் விலங்கானால் எல்லைக்கு அப்பாலிருந்து வரவேண்டும். மனிதனுக்குள் உறையும் விலங்கை நாட்டின் உடைமையாக ஒப்புக்கொள்வதற்கு ஆட்சி அஞ்சியது எனலாம். உள்நாட்டுப் போரில் (1936-1939) அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைக் கொன்ற நாட்டில் அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. நாச்சி இவற்றையெல்லாம் கருதியே எழுதினார் என்று கூற இக்கட்டுரை முற்படவில்லை. படைப்பாளியின் கருத்து எதுவாயினும், இறை என்னும் களன் பாத்திரங்களின் பிறப்பிடத்தையே மாற்றியமைத்திருக்கிறது என்பது பனுவலே தரும் சான்று.

கல்லறையைத் திறத்தல்

படத்தின் தீமை அனைத்தும் ஓர் ஆய்வுச் செயலிலிருந்து தொடங்குகிறது. பிணவறையில் ஆராயும் மருத்துவர்கள் மடிகின்றனர். கல்லறையை ஆராயும் மாணவியருள் ஒருத்தி பிணமாகிறாள். புதைந்ததைத் தோண்டாதே, செருகியதை அகற்றாதே என்பதே கதை மறைமுகமாகக் கற்பிக்கும் பாடம். திகில் கதைகளில் இது பொதுவான மரபுதான். எனினும், போரிலும் அதன்பின் நிகழ்ந்த அடக்குமுறையிலும் கொல்லப்பட்டோர் பல்லாயிரவர் பெயரற்ற கூட்டுக் கல்லறைகளில் கிடந்த நாட்டில், அக்கல்லறைகளைப் பற்றிப் பேசவும் இயலாத காலத்தில், இப்பாடம் வேறு பொருள் பெறுகிறது.

அக்கல்லறைகளை அறிவியல்முறையில் திறக்கும் பணி பரவலாகத் தொடங்கியது 2000ஆம் ஆண்டில்தான். வரலாற்று நினைவுச் சட்டம் 2007இல் வந்தது. 2019 அக்டோபரில், வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு என்னும் நினைவிடத்திலிருந்து பிராங்கோவின் உடலே தோண்டி அகற்றப்பட்டது. இவ்வரலாற்றை அறிந்தபின் படத்தைக் காண்போர், அதன் பாடத்தை அப்படியே ஏற்றல் அரிது. கல்லறையைத் திறந்தமையால் அல்ல, திறவாமையால் நீடித்த துயரமே ஸ்பெயின் கண்டது. விலங்கினிடத்து இரக்கம் காட்டத் துணிந்த படம், அறிவினிடத்து நம்பிக்கை காட்டத் துணியவில்லை. இதுவே அதன் ஆழ்ந்த குறை.

பிற குறைகள்

இதனின் வேறாகிய குறைகளும் உள. இடைப்பகுதி தளர்ந்து செல்கிறது. எல்விராவின் காதலனாகிய மார்செல் கதைக்குத் தேவையான அளவுக்கு மேல் உயிர்பெறவில்லை. எலிசபெத்தின் மனநோய் மிரட்டும் கருவியாகப் பயன்பட்டு வீணாகிறது. ஏற்றுமதிப் படிகளில் பெண்ணுடலைக் கூடுதலாகக் காட்டுவதும் உள்நாட்டுப் படிகளில் மறைப்பதும் அக்கால வழக்கம். அவ்விரட்டை நோக்கின் தடம் இப்படத்தின் பெண்பாத்திரப் படைப்பில் படிந்துள்ளது. எனினும் இறுதிச் செயல் ஒரு பெண்ணின் கையில் விடப்பட்டிருப்பதையும், அது வெறுப்பால் அன்றி அன்பால் நிகழும் கொலையாக அமைந்திருப்பதையும் மறுத்தல் கூடாது.

முடிவுரை

'வால்புர்கிஸ் இரவு' அணங்கையும் விலங்கையும் மோதவிட்டு, விலங்கின் பக்கம் நம் இரக்கத்தைத் திருப்புகிறது. மெதுவியக்கம் என்னும் எளிய உத்தியால் அச்சத்தின் இரு வகைகளையும் கண்ணுக்குப் புலனாக வேறுபடுத்திக் காட்டுகிறது. இறை என்னும் நான்காம் களன் திரையில் தோன்றவில்லையாயினும், அரக்கர்களின் நாட்டையும் பெயரையும் மாற்றுவதிலும், ஆய்வைக் குற்றமாக்குவதிலும் அதன் கை தெரிகிறது.

தொல்காப்பியரின் நாற்களப் பகுப்பு அயல்நாட்டுக் கலைகளை ஆராய்வதற்கும் உதவும் என்பதற்கு இப்படம் ஒரு சான்று. அச்சப் படைப்பொன்றை ஆராய்வோர் நான்கு களன்களுள் எவை வந்துள்ளன என்பதோடு, எது வரவில்லை என்பதையும் வினவுதல் வேண்டும். வாராத களனே சிற்சில போழ்து படைப்பை ஆள்கிறது. 1970களின் பிற ஸ்பானியத் திகில் படங்களையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு.