அடைக்கலமும் நாட்குறிப்பும்: மோர்லா லிஞ்சின் மாட்ரிட் ஏடு

நாட்குறிப்பை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் பலர். இலக்கியமாக வைத்து ஆராய்வோர் சிலர். இவ்விரு நோக்கையும் பிரித்தல் இயலாது என்பதற்குச் சிலி நாட்டுத் தூதர் கார்லோஸ் மோர்லா லிஞ்ச் எழுதிய ஏடு தக்க சான்றாகும். ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்காலமாகிய 1936 முதல் 1939 வரை மாட்ரிட் நகரிலிருந்து அவர் எழுதியது, அவர் 1969இல் மறைந்தபின், 2008இல் 'ஸ்பெயின் துன்புறுகிறது' எனப் பொருள்படும் பெயரோடு நூலுருப் பெற்றது.

மோர்லா 1928 முதல் அந்நகரில் வாழ்ந்தவர். அவர் இல்லம் கவிஞர்கள் கூடும் அவையாக விளங்கிற்று. லோர்க்கா தம் 'நியூயார்க்கில் கவிஞன்' என்னும் தொகுதியை மோர்லாவுக்கும் அவர் துணைவியார்க்கும் காணிக்கையாக்கினார். அந்த லோர்க்கா 1936 ஆகஸ்டில் கிரனாடாவை அடுத்துக் கொல்லப்பட்டார். நவம்பரில் குடியரசு அரசாங்கம் வலென்சியாவுக்குப் பெயர்ந்தது. 1937 ஏப்ரலில் சிலியின் முதன்மைத் தூதரும் வெளியேறவே, பொறுப்பு முழுவதும் மோர்லா மேல் விழுந்தது. அரசன் இல்லாத அவையில் நிற்கும் தூதன் போன்றது அவர் நிலை.

அவர்தம் அன்றாடப் பணி யாது? உடன்படிக்கை எழுதுதல் அன்று; உணவு தேடுதல். தூதரகத்திலும் அதனைச் சார்ந்த மனைகளிலும் பிராங்கோவின் பக்கம் சார்ந்தோர் நூற்றுக்கணக்கில் புகலடைந்திருந்தனர். அடைக்கலம் பற்றி 1928இல் அவானாவிலும் 1933இல் மான்டிவீடியோவிலும் எழுந்த உடன்படிக்கைகள் அமெரிக்க நாடுகளுக்கு உரியன. ஸ்பெயின் அவற்றுக்குக் கட்டுப்பட்டதன்று. ஆதலின் அங்கே அடைக்கலம் என்பது சட்டத்தால் நின்றதன்று; நாள்தோறும் பேசிப் பேசி நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. வெளியே கிரான் வியா வீதிக்கு மக்கள் 'பீரங்கிக் குண்டுச் சாலை' என்று பெயரிட்டிருந்தனர். மைசூர்ப் பருப்பைப் போன்ற ஒரு பருப்பே நகரின் உணவாகிவிட, மருத்துவரான தலைமையமைச்சர் நெக்ரினின் பெயரால் அதனை 'நெக்ரின் மாத்திரை' என்று நகைத்தனர். (பசித்தவர்க்கு நகை எங்கிருந்து வருமோ!) படுக்கை, பருப்பு, உள்ளிருப்போரின் ஓயாப் பூசல் ஆகியவற்றைப் புறச்செய்தி எனத் தள்ளிப் போர்ச் செய்தியை மட்டும் தேடுவோர் இவ்வேட்டைத் தவறப் படிக்கின்றனர். ஓர் அரசியற்கொள்கை எத்துணைப் பேரை எத்துணை நாள் உண்பிக்க வல்லது என்பதே இங்கு அரசியல்.

குறையும் உண்டு. நடை மிகை நாடுவது. கூறியது கூறல் மலிந்தது. தம் கூரையின்கீழ் இருந்தோரின் அச்சத்தை நுணுகிக் காணும் அவர் கண், வெளியே உணவுக்கு வரிசையில் நின்ற ஏழை மகளிரை அத்துணை நெருங்கிக் காணவில்லை என்பது என் துணிபு. நடுநிலை என்பது அவர்க்கு வாய்த்த இயல்பு அன்று. முயன்று காத்த ஒழுக்கம். அம்முயற்சி தளருமிடங்களே படிப்போர்க்கு மிகுதியும் பயன்படுவன.

இனி, பெரிதும் வழக்குக்கு உரியதொன்று. 1939 மார்ச்சில் மாட்ரிட் வீழ்ந்தபோது அதே வாயில் குடியரசுச் சார்பினர்க்குத் திறந்தது. பதினெழுவர் உள்ளே புகுந்தனர். ஆனால் கவிஞர் மிகுவேல் எர்னாண்டஸ் அவர்களுள் ஒருவர் அல்லர். அவர் போர்த்துகலுக்குத் தப்ப முயன்று பிடிபட்டு, 1942 மார்ச் 28இல், தம் 31ஆம் அகவையில், அலிகாந்தே சிறையில் காசநோயால் இறந்தார். மோர்லா அவர்க்கு அடைக்கலம் மறுத்தார் என்பது, நெருடாவின் மறைவுக்குப்பின் 1974இல் வெளிவந்த அவர்தம் நினைவுநூலின் குற்றச்சாட்டு. தாம் அழைத்ததாகவும், இறுதி வேளையில் தோழரைக் கைவிட்டு ஓடுவதாகும் என்று கவிஞரே மறுத்ததாகவும் மோர்லா தரப்பினர் உரைப்பர்.

திறனாய்வாளர் இங்கு விரைந்து தீர்ப்பளித்தல் ஆகாது. நினைவுநூல் முடிவை அறிந்து எழுதப்படுவது. 1942ஆம் ஆண்டின் சிறைச்சாவு நெருடாவின் ஒவ்வொரு சொல்லிலும் நிழலாடுகிறது. நாட்குறிப்போ நாளையை அறியாதது. எனினும் தூதர் எழுதுவது, என்றேனும் தம்மைக் காக்கும் கேடயமாகும் என்னும் எண்ணம் அறவே அற்றதாகாது. பதினெழுவர் உள்ளிருந்தமை குடியரசினர் மேல் அவர்க்குப் பகையில்லை எனக் காட்டும். பதினெட்டாமவர்க்குக் கதவு திறந்திருந்தது என்பதற்கு அது சான்றாகாது. சிலப்பதிகாரத்து மாதரி தன் பிழை ஏதுமின்றியும் அடைக்கலம் இழந்ததற்காகத் தீப்புகுந்தாள். அடைக்கலத்தின் கடன் அத்துணைக் கடியது என்று கொள்ளும் மரபில் வந்த நமக்கு, 'அவரே வரவில்லை' என்னும் விடை உண்மையாயினும் நிறைவு தராது. ஆயினும், நிறைவின்மை வேறு. குற்றம் மெய்ப்பட்டது என்பது வேறு. நெருடாவின்பால் நமக்குள்ள அன்பு இவ்வேறுபாட்டை மறைத்தல் கூடாது.

மோர்லா தம் அரசுக்கு விடுத்த அறிக்கைகளும் அச்சாகியுள்ளன. 1939 மார்ச்சு மாதத்துக் குறிப்புக்களை நாள்வாரியாக அவ்வறிக்கைகளோடு ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதன எவை எனக் காண்பதே இனிச் செய்தற்குரிய பணி.