கேட்டவர் கைகாட்டிய குரல்கள்

நல்ல பாட்டு தானாக நம் செவிக்கு வந்து சேருவதில்லை. நமக்கு முன்னே அதைக் கேட்டு மனம் கனிந்த ஒருவர் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறார். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து வள்ளுவர் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டலும் ஒரு கலை. அதற்கும் துணை வேண்டும். அத்துணையின் வழியாக மூன்று நாடுகளின் ஜாஸ் பாடகிகள் சிலரைக் கேட்கும் பேறு அண்மை ஆண்டுகளில் எனக்குக் கிட்டியது. அக்குரல்களைப் பற்றிய ஒரு மதிப்பீடே இக்கட்டுரை.

கோட்டைப்பட்டினத்தில் ஜாஸுக்கு என்ன வேலை என்று வாசகர் வியக்கக் கூடும். பாக் நீரிணையின் கரையில் வாழும் நமக்குக் கடல் கடந்து வரும் ஒலி புதிதன்று. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த கரை இது. 2015இல் மறைந்த நாகூர் ஈ. எம். ஹனிபாவின் வெண்கலக் குரலைச் சமய வேறுபாடு பாராது போற்றும் கரையும் இதுவே. இங்கிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற இசை ஆர்வலர் இருவர், கோவாவைச் சேர்ந்த தோழர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தனர். அவ்வறையில் நாள்தோறும் ஒலித்த கொங்கணிப் பாடல்களை ஊர் திரும்பியபோது உடன் கொண்டுவந்தனர். அவர்கள் வழியே நான் முதலில் அறிந்த பெயர் லோர்னா கொர்தேரோ.

கோவாவின் குயில் என்று போற்றப்படும் லோர்னாவின் குரலில் சற்றுக் கரகரப்பு உண்டு. அதுவே அதன் அழகு. 16ஆம் நூற்றாண்டிலிருந்து கோவாவின் பங்குப் பள்ளிகள் சிறுவர்க்கு வழிபாட்டுப் பாடல்களோடு வயலினும் சுரம் வாசிக்கும் முறையும் கற்பித்தன. அம்மரபில் வந்த கலைஞர்கள் பின்னாளில் பம்பாயின் ஜாஸ் மேடைகளையும் இந்தித் திரைப்படங்களின் வாத்தியக் குழுக்களையும் நிரப்பினர். சிக் சாக்லேட், செபஸ்தியான் டிசூசா, அந்தோணி கொன்சால்வஸ் ஆகியோர் அவர்களுள் சிலர். இசையமைப்பாளர் கிறிஸ் பெரி ஜாஸின் தாள நடையைக் கொங்கணி மொழியோடு இணைத்தபோது, அதற்கு உயிர் தந்தது லோர்னாவின் குரல். ஆயினும் அக்குரல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் ஒலிக்கவில்லை. 1995இல் அவர் மீண்டும் பாட வந்தபோது கோவா மக்கள் திரண்டு வரவேற்றனர். இடைப்பட்ட மௌன காலத்தில் அப்பாடகியைக் காத்து வைத்திருந்தவர்கள் யார்? பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் கைமாற்றிக் கேட்ட எளிய இரசிகர்களே அல்லவா?

லோர்னாவின் புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்றின் பெயர் 'பெப்தோ'. குடிகாரன் என்பது பொருள். போர்த்துக்கீசியத்திலிருந்து கொங்கணிக்கு வந்த இச்சொல்லே எங்களைப் பிரேசிலுக்கு இட்டுச் சென்றது. எலிஸ் ரெஜினா 1979இல் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாடலின் தலைப்பிலும் இதே சொல் நிற்கிறது: குடிகாரனும் கயிற்றின்மேல் நடப்பவளும். ஜோவாவ் போஸ்கோ, ஆல்தீர் பிளாங்க் ஆகிய இருவரும் இயற்றிய பாடல் அது. மொழி அறியாதவர்க்கு அது இனியதொரு மெட்டு மட்டுமே. ஆனால் அதன் பின்னணி என்ன?

பிரேசிலை 1964 முதல் 1985 வரை இராணுவம் ஆண்டது. 1975 அக்டோபரில் விளாதிமிர் ஹெர்சாக் என்னும் யூதப் பத்திரிகையாளர் சாவோ பாவ்லோ நகரில் காவலில் கொல்லப்பட்டார். அந்நகரின் பேராலயத்தில் கர்தினால் பாவ்லோ எவரிஸ்தோ ஆர்ன்ஸ், ஒரு யூத ரபியையும் ஒரு பிரஸ்பித்தேரியப் போதகரையும் தம்மோடு நிறுத்தி அவருக்காக வழிபாடு நடத்தினார். அச்சத்தை மீறி ஆயிரக்கணக்கானோர் கூடினர். எலிஸின் பாடலில் அழும் பெண்களுள் ஹெர்சாக்கின் மனைவியின் பெயரும் வருகிறது. நாடு கடந்து வாழ்வோர் திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கமும் வருகிறது. 1979இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்த காலத்தில் இப்பாடல் ஒரு நாட்டின் மன்றாட்டாகவே ஒலித்தது. எலிஸ் இதைக் கதறிப் பாடவில்லை என்பதே என் வியப்பு. கயிற்றின்மேல் நடப்பவளைப் போலவே, துயரத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையே குரலைச் சமன்செய்து கொண்டு செல்கிறார். நம் ஒப்பாரியின் ஆற்றல் வேறு. இந்த அடக்கத்தின் ஆற்றல் வேறு. 1982இல், 36 வயதிலேயே, அவர் மறைந்தார்.

பிரேசிலின் மற்றொரு கொடை, 1958இல் ஜோவாவ் ஜில்பெர்த்தோவின் பாடல்களோடு மலர்ந்த 'போசா நோவா'. அருகில் அமர்ந்திருப்பவரோடு பேசுவது போன்ற தாழ்ந்த குரல். அதற்கு இசைந்தும் விலகியும் செல்லும் கித்தார். இதன் வேர்களுள் ஒன்று, 1949இல் ரியோ நகரின் திஜூக்கா பகுதியில் இளைஞர் சிலர் தொடங்கிய சினாட்ரா-ஃபார்னி இரசிகர் மன்றம். இசைத்தட்டுகளைக் கூடிக் கேட்பதற்கென்று எழுந்த மன்றத்திலிருந்து ஜானி ஆல்ஃப் போன்ற படைப்பாளிகள் புறப்பட்டனர். இரசிகர் மன்றம் என்றவுடன் பாலாபிஷேகத்தையும் வெட்டுருவத்தையும் நினைக்கும் நாம், இம்மன்றத்தை எண்ணிப் பார்ப்பது நன்று. ஆயினும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இந்த இசையை உலகம் விரும்பி விரும்பியே தேய்த்துவிட்டது. விடுதிகளின் வரவேற்பறையில் யாரும் செவிகொடாமல் ஓடும் பின்னணி ஒலியாக அது தாழ்ந்ததும் உண்டு. தாழ்ந்த குரலுக்கு உற்றுக் கேட்பவர் வேண்டும். அவர் இல்லையேல் அது வெறும் இரைச்சலின் ஒரு பகுதியே.

மூன்றாவது நாடு போலந்து. 1940களின் இறுதி முதல் 1950களின் நடுப்பகுதி வரை அந்நாட்டின் பொதுவுடைமை அரசு, ஜாஸை முதலாளிய நாடுகளின் சீரழிவு என்று கருதிப் பொது மேடைகளிலிருந்து விலக்கியது. இசைஞர்கள் தனியார் வீடுகளில் கூடி வாசித்தனர். தொடக்கத் திருச்சபை உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளோடு பிணைத்து நினைக்கப்படுவதை மனத்தில் கொண்டு, போலந்தின் இசை வரலாற்றாளர் அக்காலத்தைக் 'கல்லறைக் காலம்' என்றே அழைக்கின்றனர். 1956இல் சோபோட் நகரில் நடந்த விழாவில் அந்த இசை வெளிச்சத்துக்கு வந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவரான ஒருவர் கொமேதா என்னும் புனைபெயரில் அங்கு வாசித்தார். 1955 முதல் அமெரிக்காவின் குரல் வானொலியில் வில்லிஸ் கானோவர் வழங்கிய ஜாஸ் நிகழ்ச்சி, சிற்றலை வழியே அந்நாட்டு இளைஞரை எட்டியது.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரலைக் கேட்டுப் பாட வந்தவர் உர்ஷுலா டூஜாக். 1943இல் பிறந்த இவர் இளமையிலேயே கொமேதாவோடு பாடினார். 1973இல் நியூயார்க்கில் குடியேறினார். சொற்களை விலக்கி ஒலிகளாலேயே பாடுவது இவர் வழி. ஆலாபனையும் தில்லானாவும் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு இது அந்நியமன்று. மின்கருவிகளால் தம் குரலையே பலவாகப் பெருக்கும்போது, சில இடங்களில் கருவி குரலை விழுங்கிவிடுகிறது என்பது என் கருத்து. எனினும் 1976இல் அவர் பாடிய 'பப்பாயா', 2007இல் பிலிப்பைன்ஸ் மக்களை ஆடவைத்தது. சொல்லே இல்லாத பாட்டுக்கு எந்த மொழியும் வேலி ஆகவில்லை.

இவை மதுக்கூடங்களின் இசை, நமக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. பாட்டு எந்த இடத்தில் பாடப்பட்டது என்பதோடு, யாருடைய துயரத்தை அது சுமந்தது என்றும் கேட்பதே முறை. இன்று கைப்பேசி, நாம் முன்பு விரும்பியதைப் போன்ற பாடலையே அடுத்தடுத்து எடுத்து நீட்டுகிறது. அது நம் பழைய சுவையை நமக்கே திருப்பித் தருகிறது. தோழர் ஒருவரோ தம் சுவையை நமக்குத் தருகிறார். கூடவே அப்பாடலின் கண்ணீரையும் சொல்லித் தருகிறார். ஹெர்சாக்கின் கதையைச் சொல்ல ஒருவர் இல்லாதிருந்தால், எலிஸின் பாட்டு எனக்கு வெறும் மெட்டாகவே நின்றிருக்கும்.

அன்பு வாசகரே, வேற்று மொழிப் பாட்டொன்றைப் பொறுமையோடு கேட்பது, வேற்று மனிதரைப் பொறுமையோடு கேட்பதற்கு நல்ல பயிற்சி. உங்கள் தெருவில், உங்கள் பங்கில், அயல் சமயத்தவர் வீட்டில், யாரோ ஒருவர் தாம் கேட்டு மகிழ்ந்த பாட்டைப் பகிர ஆள் தேடிக் காத்திருக்கலாம். அவர் அருகில் சற்று நேரம் அமருங்கள்.